காய்ச்சலும் பாய்ச்சலும்: நினைவில் நிற்கும் படிப்பு

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா என்பது கடந்துவந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் நாள். எத்தனை பிள்ளைகள் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்குகளைச் செயலாளர் அறிக்கையில் கேட்டோம், மகிழ்ந்தோம். ஆயினும் அறிக்கையில் இடம்பெறாத ஒரு கணக்கும் உண்டு. நன்றாக உழைத்தும் தோற்றுப்போன பிள்ளைகளின் கணக்கு அது. விடிய விடியக் கண் விழித்துப் படித்துவிட்டுத் தேர்வு மண்டபத்தில் ஒன்றும் நினைவுக்கு வராமல் விழித்த பிள்ளைகளை நாம் அறிவோம். பத்தாம் வகுப்பில் தேறிவிட்டு, பதினோராம் வகுப்புக்குச் சென்றபோது, முன்பு படித்த கணக்கும் ஆங்கிலமும் அடியோடு மறந்துபோய், படிப்பையே கைவிட்ட பிள்ளைகளையும் அறிவோம். அவர்களைப் பார்த்து ஊர் ஒரு சொல் சொல்லிற்று. "இவர்களுக்குப் படிப்பு ஏறாது" என்பதே அச்சொல். நம்மில் பலர் இதனை நேரிலேயே கேட்டவர்கள். அதனினும் கொடியது என்னவெனில், அச்சொல்லை நம் பிள்ளைகளே நம்பத் தொடங்கியதுதான்.

அச்சொல் பொய் என்று மேடையில் முழங்குவது எளிது. நாம் இன்று முழங்கப் போவதில்லை, மெய்ப்பிக்க முயல்வோம். மறதி என்பது பிறப்பின் குறையன்று. படிக்கும் முறையின் குறை. நினைவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு தேய்கிறது என்பதை ஏறத்தாழ 140 ஆண்டுகளாக அறிவியலார் ஆய்ந்து வந்துள்ளனர். அவர்கள் கண்டதன் சாரத்தை ஒரே வரியில் கூறலாம்: ஒரே மூச்சில் நெடுநேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாட்களுக்குப் பகிர்ந்து, இடைவெளி விட்டு விட்டுப் படிப்பதே நெடுங்காலம் நிற்கும்.

வயல் சொல்லும் பாடம்

இவ்வுண்மை நெய்க்காரப்பட்டி வட்டாரத்து உழவர்க்குப் புதிதன்று. நெல் வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டும் என்பது நம் முதியோர் வாக்கு. பருவம் முழுமைக்குமான நீரை ஒரே நாளில் கட்டிவிட்டு வீட்டில் போய் அமர்ந்திருக்கும் உழவர் எவருமிலர். நீர் பாய்ச்சுகிறோம், வடிய விடுகிறோம், மண் இலேசாக வெடிக்கும் நேரம் பார்த்து மீண்டும் பாய்ச்சுகிறோம். காயும் நாட்களில் வேர் ஈரம் தேடிக் கீழே இறங்குகிறது. காய்ச்சல் வீண் நாளன்று. வேர் வலுக்கும் நாள்.

கட்டட வேலைக்குச் செல்வோரைக் கேளுங்கள். நல்ல கொத்தனார் சுவரை ஒரே நாளில் முழு உயரத்துக்கும் எழுப்பமாட்டார். ஓரளவு எழுப்பி, நீர் விட்டு, இறுகவிட்டு, மறுநாள்தான் அதன்மேல் கட்டுவார். ஈரச் சுவரின்மேல் சுமையேற்றினால் சுவர் சரியும். தேர்வுக்கு முன்னிரவில் பதினைந்து பாடங்களை அடுக்கும் மாணவர் செய்வது ஈரச் சுவரின்மேல் சுவர் எழுப்பும் வேலையே.

எபிங்காஸ் செய்த சோதனை

உவமை உவமையே; சான்றுக்கு வருவோம். செர்மனி நாட்டில் எர்மன் எபிங்காஸ் என்றோர் அறிஞர் இருந்தார். நினைவை அளந்து பார்க்க இயலுமா என்னும் வினாவை எழுப்பி, தம்மைத்தாமே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாக எழுதி, தவறின்றிச் சொல்லும்வரை மனப்பாடம் செய்வார். குறித்த காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்பார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ, அவ்வளவு நினைவு தங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. தம் முடிவுகளை 1885-இல் நூலாக வெளியிட்டார்.

அவர் கண்டது யாது? 20 நிமிடம் கழிந்தபின் 58 விழுக்காடு எஞ்சியிருந்தது. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆயிற்று. ஒரு நாளில் 34. ஆறு நாட்களில் 25. 31 நாட்களில் 21. இதனைக் கூர்ந்து நோக்குங்கள். மறதியின் பெரும்பகுதி முதல் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பின்னர் அது மெல்ல மெல்லவே தேய்கிறது. தம்பிமார்களே, எபிங்காஸ் ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துப் பேரறிஞர். அவருக்கே ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோயிற்று! நேற்றுப் படித்தது இன்று மறந்ததென்று நம் பிள்ளை ஏன் தன்னை இழிவாக எண்ண வேண்டும்? மறதி மனித மூளைக்குரிய பொது இயல்பு. அதற்குச் சாதியில்லை.

அந்நூலிலேயே இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. பன்னிரண்டு அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை திரும்பச் சொல்லிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து சொன்னபோது வெறும் 38 முறையிலேயே பெற்றுவிட்டார். உழைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது; பயன் குறையவில்லை. கூலிக்கணக்கு அறிந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அஞ்சல் ஊழியர் கற்ற பாடம்

பொருளற்ற அசைகளுக்குத்தானே இது பொருந்தும் என்று ஐயுறலாம். 1978-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று அந்த ஐயத்தைப் போக்கும். அஞ்சல் பிரிக்கும் பணிக்கெனத் தட்டச்சுப் பழகவேண்டிய ஊழியர்களைப் பேட்லி, லாங்மன் என்னும் இருவர் ஆய்ந்தனர். ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி. இன்னொரு பிரிவினர்க்கு இரண்டு மணி நேரமாக நாளுக்கு இருமுறை, ஆக நான்கு மணி நேரம். விசைப்பலகையைக் கற்றுக்கொள்ள முதற்பிரிவினர்க்குச் சுமார் 35 மணி நேரமே தேவைப்பட்டது. நான்கு மணி நேரப் பிரிவினர்க்கோ சுமார் 50 மணி நேரம் தேவைப்பட்டது.

இதில் வியப்பு ஒன்றுண்டு, எச்சரிக்கை ஒன்றுமுண்டு. குறைந்த நேரத்தில் கற்ற பிரிவினரே தம் பயிற்சியைப் பற்றி மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். நாட்கள் பல ஓடியும் மெல்லவே முன்னேறுகிறோம் என்று அவர்கள் எண்ணினர். ஒரே மூச்சில் படிக்கும்போது பாடம் நாவில் சரளமாக ஓடும். 'வந்துவிட்டது' என்று மனம் களிக்கும். அக்களிப்பு நம்மை ஏமாற்றுகிறது. இடைவிட்டுப் படிக்கும்போது நினைவு தடுமாறும்; அத்தடுமாற்றமே வேர் இறங்கும் அடையாளம். எச்சரிக்கை யாதெனில், ஒரு மணி நேர முறையில் செலவாகும் மணிகள் குறைவு. ஆனால் நாட்கள் அதிகம். ஆகவே முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். பங்குனியில் விதைத்துச் சித்திரையில் கரும்பு வெட்ட முடியாது.

மூளையில் நிகழ்வது என்ன?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணு மற்றோர் அணுவோடு செய்தி பரிமாறும் இணைப்பு வலுப்பெறுவதே கற்றல் என்பதன் உடற்கூற்றுப் பொருள். இதனை எளிய உயிரொன்றில் ஆய்ந்து, 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றவர் எரிக் காண்டல். அவர் எடுத்துக்கொண்ட உயிர், ஓடு வெளியே தெரியாத கடல் நத்தை வகை. தொட்டால் அது தன் செவுளைச் சுருக்கிக்கொள்ளும். தீங்கற்ற தொடுகை என்று பழகிவிட்டால் சுருக்குவதை விட்டுவிடும். 1972-இல் காண்டலும் அவர்தம் துணைவர்களும் வெளியிட்ட முடிவு இது: ஒரே நாளில் தொடர்ந்து 40 முறை தொட்டபோது அப்பழக்கம் விரைவில் மறைந்தது. நாளுக்குப் பத்து முறையாக நான்கு நாட்கள் தொட்டபோது அது வாரக்கணக்கில் நிலைத்தது. தொடுகை இரண்டிலும் நாற்பதே. வேறுபாடு இடைவெளியில் இருந்தது.

காரணம் என்ன? குறுகிய கால நினைவுக்கு, முன்பே இருக்கும் இணைப்பில் சிறு வேதி மாற்றம் போதும். நெடுங்கால நினைவுக்கு அது போதாது. அணுவின் கருவிலுள்ள மரபுக்கூறுகள் தூண்டப்பெற்று, புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகள் முளைக்க வேண்டும். அது கட்டுமான வேலை. அதற்கு நேரம் பிடிக்கும். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சுண்ணாம்பு தன் நேரத்தில்தான் இறுகும், மூளையும் அப்படியே.

உறக்கமும் இக்கட்டுமானத்திற்கு உதவுகிறது. கற்றபின் விழித்திருந்தவர்களைவிட உறங்கி எழுந்தவர்கள் குறைவாகவே மறக்கின்றனர் என்பதை 1924-இலேயே செங்கின்சு, டாலன்பாக் என்னும் இருவர் காட்டினர். பகலில் பெற்ற செய்திகளை மூளை உறக்கத்தில் மீண்டும் ஓட்டிப் பார்த்து நிலைப்படுத்துகிறது என்று பின்வந்த ஆய்வுகள் தெளிவாக்கின. ஆகவே தேர்வுக்கு முன்னிரவில் உறக்கத்தைத் துறப்பவர், நட்ட நாற்றைத் தாமே பிடுங்குபவர் ஆகிறார்.

நம் நாட்டில் இருந்த முறை

இம்முறை மேனாட்டில் மட்டும் தோன்றியதன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த சமண முனிவர் பவணந்தியார், பாடம் கேட்கும் முறையைப் பாயிரத்தில் வகுத்துள்ளார். ஒரு நூலை இருமுறை கேட்டவன் பிழை பெரிதும் நீங்குவான் என்றும், மும்முறை கேட்டவன் பிறர்க்கு முறையாக எடுத்துரைக்கும் நிலை எய்துவான் என்றும் அவர் கூறுகிறார். ஆசிரியர் சொன்னதை நன்கு வாங்கிக்கொண்டாலும் புலமையின் கால்பங்கே கைவருமாம். உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதில் மற்றொரு கால்பங்கு. பிறர்க்கு எடுத்துச் சொல்வதால் எஞ்சிய அரைப்பங்கு. இக்கருத்தை மனத்தில் வையுங்கள். இறுதியில் மீண்டும் இதற்கே வருவோம்.

திண்ணைப் பள்ளிகளிலும் இம்முறை வழங்கிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் அதனை விவரித்துள்ளார். விடியற்காலையிலேயே பிள்ளைகள் பள்ளிக்குச் சென்று, முன்னாள் கற்ற பாடத்தைச் சுவடி பாராமல் ஒப்பிக்க வேண்டும். அதற்கு முறை சொல்லுதல் என்று பெயர். மாலையில் வீடு திரும்பும்போது பூ, பறவை, விலங்கு ஆகியவற்றின் பெயர்களை ஆசிரியர் சொல்லியனுப்புவார். மறுநாள் அவற்றை மறவாமல் சொல்ல வேண்டும். இடையில் ஓர் இரவு உறக்கம். மறுநாள் நினைவிலிருந்து மீட்டல். எபிங்காஸ் அளந்து கண்டதைத் திண்ணை ஆசிரியர் பழக்கத்தால் அறிந்திருந்தார்.

ஆனால் அத்திண்ணையில் அமர்ந்திருந்தவர் யார்? நம் பாட்டன்மார்க்குப் பெரும்பாலும் அத்திண்ணை மறுக்கப்பட்டது. தெருவிலேயே நடக்கக் கூடாதென்றவர்கள் திண்ணையில் ஏறவா விடுவர்? பொதுச் சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றில் நம் மக்களுக்கும் உரிமை உண்டென்று சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர 1924-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. அதனைக் கொண்டுவந்த இரட்டைமலை சீனிவாசனார் நம் அண்டை நகராகிய கோயம்புத்தூரில் படித்தவர். ஏறத்தாழ 400 பிள்ளைகளில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர் என்றும், தம் சாதி தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால் வெளியே எங்கேனும் வாசித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார் என்றும் அவர்தம் வாழ்க்கைக் குறிப்பால் அறிகிறோம். நூலகமோ, விளக்கோ, ஒரு சொல் கேட்டுத் தெளியத் தோழரோ இல்லாத படிப்பு அது.

நினைவாற்றலில் நம் முன்னோர் குறைந்தவர்களா? எழுத்து மறுக்கப்பட்ட நிலையில், மதுரைவீரன் கதையை இரவெல்லாம் ஏடின்றிப் பாடிய கலைஞர்கள் நம்மிடையே இருந்தனர். பறையின் அடவுகளைச் சிறு வயது முதல் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகி, ஆயுள் முழுதும் மறவாதிருந்தனர். ஆற்றல் என்றும் இருந்தது, மறுக்கப்பட்டது வாய்ப்பு.

அண்ணல் அம்பேத்கர் மும்பைப் பரேலில் ஒற்றை அறையில் குடும்பத்தோடு வாழ்ந்த காலத்தில், முன்னிரவில் உறங்கச் சென்றுவிடுவார். தந்தையார் இராம்ஜி பின்னிரவு இரண்டு மணிக்கு அவரை எழுப்பிவிடுவார். வீடு அடங்கிய அந்த நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படிப்பார். உறக்கத்தைத் துறக்கவில்லை, உறங்கி எழுந்து, தெளிந்த மூளையோடு படித்தார். ஒரு நாள் இரு நாளன்று, நாள்தோறும் படித்தார். அதனைக் கருத்தில் கொள்ளாமல், 'அண்ணல் கண் விழித்தார், நாமும் விழிப்போம்' என்று தேர்வுக்கு முன்னிரவில் மட்டும் விழிப்பது அவர் வழியைப் பின்பற்றுவதாகாது.

செயல்முறை

இனி, எவ்வாறு படிப்பது? முதலாவது, இடைவெளியின் அளவு. 1,350 பேர்க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, படித்துவிட்டு மீண்டும் ஒருமுறை படிக்க ஏற்ற இடைவெளி, தேர்வு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைப் பொறுத்தது. ஒரு வாரத்தில் தேர்வு எனில் ஒரு நாள் இடைவெளி. 35 நாட்களில் எனில் சுமார் 11 நாட்கள். 70 நாட்களில் எனில் சுமார் 21 நாட்கள். ஓராண்டுக்கும் மூன்று வாரமளவு இடைவெளி நன்கு பயன்பட்டது. இதனை மனத்திற் கொண்டு, நம் பிள்ளைகள் கைக்கொள்ள எளிய ஒழுங்கொன்றைக் கூறுகிறோம்: பாடம் நடந்த அன்று மாலை ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, நான்காம் நாள், பத்தாம் நாள், பின்னர் மாதம் ஒருமுறை. இது கல்லில் பொறித்த சட்டமன்று. வேலைக்கேற்ப ஒரு நாள் முன்பின் ஆகலாம். அறவே விடுதல் கூடாது.

இரண்டாவது, திரும்பப் படிப்பது என்றால் புத்தகத்தை மீண்டும் கண்ணால் ஓட்டுவதன்று. முதலில் புத்தகத்தை மூடுங்கள். நினைவில் உள்ளதை வாயால் சொல்லுங்கள், அல்லது பலகையில் எழுதுங்கள். பிறகு திறந்து பார்த்துத் திருத்துங்கள். ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பாராமல் நினைவுகூர்ந்தவர்களே முந்தினர். திண்ணைப் பள்ளியின் 'முறை சொல்லுதல்' இதுவே.

மூன்றாவது, சீட்டு முறை. செபாசுடியன் லைட்னர் என்னும் செர்மானியர் 1972-இல் வெளியிட்ட நூலால் பரவியது இது. பழைய நாட்காட்டித் தாள்களைச் சிறு சீட்டுகளாக வெட்டுங்கள். முன்புறம் வினா, பின்புறம் விடை. ஆங்கிலச் சொல்லானாலும், ஓம் விதியானாலும், ஆண்டுக் குறிப்பானாலும் சீட்டுக்கு ஒன்றே எழுதுங்கள். ஐந்து அட்டைப்பெட்டிகள் வையுங்கள். எல்லாச் சீட்டும் முதற்பெட்டியில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்கு ஏறும். தவறினால் முதற்பெட்டிக்குத் திரும்பும். முதற்பெட்டியை நாள்தோறும் பாருங்கள். மேலே செல்லச் செல்ல இடைவெளியைக் கூட்டுங்கள். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழும் வீண் செயல் இதனால் ஒழியும். செலவோ சில காசுகளே.

நான்காவது, கணக்குப் பாடத்தில் ஒரே வகைக் கணக்கு இருபதை ஒருங்கே போடாமல், இன்றைய கணக்கு ஐந்து, சென்ற வாரத்துக் கணக்கு மூன்று, சென்ற மாதத்துக் கணக்கு இரண்டு எனக் கலந்து போடுங்கள். தேர்வுத்தாளும் கலந்துதானே வரும்?

இம்முறை நம் பிள்ளைகளுக்கு ஏன் தனியே பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர் கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் சென்றுவிடும் நாட்களில், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின் தலையில் விழுகிறது. அவளுக்குத் தனி அறையில்லை, மேசையில்லை, மூன்று மணி நேரம் தொடர்ந்து கிடைப்பதில்லை. மூன்று மணி நேரம் தொடர்ந்து அமர்ந்தால்தான் படிப்பு என்றால் அவள் தோற்றவளே. ஆனால் இருபது இருபது நிமிடமாகப் பகிர்ந்து படிப்பதே சிறந்தது என்று அறிவியல் கூறும்போது, அவளுக்கும் வழி திறக்கிறது. அடுப்படியில் பத்துச் சீட்டு. பழனிக்குச் செல்லும் பேருந்தில் பத்துச் சீட்டு. உறங்கச் செல்லுமுன் பத்துச் சீட்டு. துண்டு துண்டான நேரம் வறுமை நமக்கு அளித்தது. அதனையே கருவியாக்கிக் கொள்ளலாம்.

இதனால் பெற்றோரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. பெண் பிள்ளைக்கு மாலையில் அரைமணி நேரமேனும் வேலை சொல்லாதிருங்கள். நல்ல முறை ஒன்றே போதும் என்றும் நாம் கூறவில்லை. நல்லாசிரியர் வேண்டும், விடுதி வேண்டும், உதவித்தொகை காலத்தில் கைக்கு வரவேண்டும். அவற்றிற்கான போராட்டத்தை நிறுத்தலாகாது. பொருள் விளங்காத பாடத்தை எத்தனை இடைவெளி விட்டுப் படித்தாலும் பயனில்லை என்பதையும் மறவற்க. முதலில் தெளிவு, பின்னரே மீட்டல்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

நம் மாலைப் படிப்பகத்தில் இவ்வாண்டு முதல் ஓர் ஒழுங்கு செய்வோம். ஒவ்வொரு மாலையும் முதற் கால்மணி நேரம் புதிய பாடம் கூடாது. பழைய பாடத்தை முறை சொல்லுதல் மட்டுமே. பத்தாம் வகுப்பு மாணவர் எட்டாம் வகுப்பினர்க்கும், கல்லூரி மாணவர் பத்தாம் வகுப்பினர்க்கும், அரசுப்பணித் தேர்வு எழுதுவோர் எல்லோர்க்கும் வாரம் ஒரு நாள் கற்பிக்கட்டும். கற்பிப்பவர் தாம் முன்னாண்டு படித்ததை மீட்டுக்கொள்கிறார்; கற்பவர் தெளிவு பெறுகிறார். புலமையில் அரைப்பங்கு பிறர்க்குச் சொல்வதால் வருவது என்று பவணந்தியார் வகுத்ததும் இதுவே. அண்ணல் நமக்கு இட்ட ஆணைகளில் முதலாவதும் கற்பித்தலே அன்றோ?

திண்ணை மறுக்கப்பட்ட மக்கள் நாம். இன்று திண்ணை நம்முடையது, விளக்கும் நம்முடையது. "படிப்பு ஏறாது" என்னும் சொல்லுக்கு மறுமொழி இன்று மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்தில் தொடங்கட்டும். நேற்றைய பாடத்தைப் புத்தகம் பாராமல் சொல்லுங்கள். நாளை மீண்டும் சொல்லுங்கள். நான்கு நாள் கழித்து மீண்டும் சொல்லுங்கள். வேர் இறங்கும், கதிர் முற்றும்.